ஐந்தாம் அத்தியாயத்தை விட்டிடுங்கோ

மகள் வீட்டில் இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்றுதான் இத்தாலியில் இருக்கும் பலெர்மோவுக்குப் போனேன். போய் இறங்கிய அன்றே எனக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. மகள் அங்கே ஓர் ஆய்வகத்தில் கடல்பாசியில் ஏதோ ஆராய்கிறாள். என்ன ஆராய்கிறாள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறேன், அவளும் அலுக்காமல் சொல்கிறாள், எனக்குத்தான் ஏறவில்லை. நான் சென்னையில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். மாத்திரை அட்டைக்குள் மடித்து வைக்கும் காகிதம், மிக்ஸியோடு வரும் கையேடு, இப்படி. 'ஈரக்கையால் தொடாதீர்கள்' என்று எங்காவது நீங்கள் படித்திருந்தால் அதை எழுதியவன் நானாக இருக்கலாம்.

"அப்பா, ஒரு சின்ன புக்கு. முப்பது பக்கம்கூட வராது. சிவநேசன் அண்ணனுக்குத் தமிழ்ல பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டேன்."

"யாரு சொன்னா? நீயா, நானா?"

"நான்தான். ஆனா நீங்க பண்ணுவீங்கன்னு."

சிவநேசன் அவளுடைய ஆய்வகத்தைச் சுத்தம் செய்பவர். கிளிநொச்சிக்காரர், பதினைந்து வருடமாகப் பலெர்மோவில் இருக்கிறார். மோர்மன் என்கிற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்திருக்கிறார் என்றாள் மகள். மோர்மன் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று அமெரிக்கா, மற்றது பல மனைவிகள். இரண்டாவதை அவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டார்களாம். ஆக, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அதை வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தை மொழிபெயர்ப்பது எப்படி என்று அன்றைக்கே குழம்ப ஆரம்பித்தவன், திரும்பி விமானம் ஏறும்வரை தெளியவில்லை.

மறுநாள் காலை போர்கோ வெக்கியோ சந்தை முனையில் ஒரு காபிக் கடையில் சிவநேசனைப் பார்த்தேன். மகள் வீடு அந்தச் சந்தைக்கு மேலேதான். பலகணியில் நின்றால் வாள்மீன் தலையொன்று வாளை மேலே நீட்டியபடி நம்மையே பார்க்கும். சிவநேசனுக்கு நாற்பது வயது, ஒட்ட வெட்டிய தலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எனக்கு ஒரு காபி சொல்லிவிட்டுத் தனக்கு வேறு ஏதோ வாங்கினார். காபி மாதிரியே இருந்தது.

"இது பார்லியை வறுத்து இடிச்சது ஐயா. எங்கடை சபையிலை காப்பி, தேத்தண்ணி, சாராயம், சிகரெட் ஒண்டும் இல்லை. மற்றதெல்லாம் லேசு. தேத்தண்ணியை விடத்தான் சரியாக் கஷ்டப்பட்டுப் போனன்."

இலங்கைத் தமிழர் ஒருவர் தேயிலையை விட்டுவிட்டார் என்பதை ஜீரணிக்க எனக்கு இரண்டாவது காபி வேண்டியிருந்தது. அந்த ஊர்க் காபி இரண்டு மடக்குதான். நம்மூர் டவராவின் அடியில் மிச்சம் வைக்கும் அளவைத்தான் அவர்கள் முழுக் காபி என்று விற்கிறார்கள்.

சிவநேசன் புத்தகத்தை எடுத்து வைத்தார். பழுப்பு அட்டை. எலியாப் தோர்ன் என்கிற மோர்மன் முன்னோடியின் வாழ்க்கை, அவருடைய கொள்ளுப்பேத்தி ஆங்கிலத்தில் எழுதியது. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில் மதம் பரப்ப இந்த மனிதர் மெட்ராசுக்கு வந்திருக்கிறார். பலெர்மோ சபையில் தமிழ் ஆட்கள் எட்டுப் பேர். தமிழ் மண்ணுக்கு வந்தவரின் கதையைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை முடிப்பியளோ?"

"என்ன அவசரம்?"

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். செத்துப்போனவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அந்த ஆளுக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவர் தண்ணீரில் முழுகி எழுந்திருப்பார். அதைக் கோவிலில்தான் செய்ய முடியும். அந்த வருடம் ரோமில் புதிதாகக் கோவில் திறந்திருந்தார்கள், அடுத்த வாரம் புதன்கிழமை இங்கிருந்து ஒரு பஸ் போகிறது. சிவநேசன் தன் அண்ணனுக்காக முழுகப் போகிறார்.

"அண்ணன் எப்போ தவறினார்?"

"அதுதான் ஐயா பிரச்சினை. காணாமல் போனவர். கடைசிச் சண்டையிலை. இப்பிடிக் காணாமல் போனவைக்குப் பத்து வருசம் பொறுக்கவேணும் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம். போன மாசத்தோடை பத்து முடிஞ்சுது. ஆனா மனிசி கையெழுத்து வைக்கவேணும். அண்ணி இஞ்சைதான் இருக்கிறா. ஓம் எண்டு சொல்லியிருக்கிறா. ஞாயிறு வந்து வைப்பா."

"அதுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அவ சபையிலை இல்லை. ஒரு நல்ல மனிசன்ரை கதையைக் கேட்டால் பயம் போகுமெண்டு நினைச்சன்," என்றார். பிறகு, "அண்ணை கனவிலை வாறார் ஐயா. ஈரச் சட்டையோடை வாசலிலை நிக்கிறார், உள்ளுக்கை வாறாரில்லை. என்னாலை ஏலாமல் கிடக்கு," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"முடிச்சுத் தர்றேன்," என்றேன்.

எந்த மொழிபெயர்ப்பையும் நான் ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் கொடுப்பதில்லை. மருந்துக் காகிதத்தையே காய்கறிக் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் முகம் சுளித்தால் அந்த வரி போச்சு. இங்கே யாரிடம் வாசிப்பது என்று கேட்டதற்கு, "அண்ணியிட்டை வாசியுங்கோ. உங்கடை இந்தியத் தமிழ் விளங்குதோ எண்டு அவ சொல்லுவா," என்றார் சிவநேசன். அண்ணி பெயர் பவளராணி. கால்சா என்கிற பழைய பேட்டையில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாளை, வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்கிறார். தினம் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை சிஞ்ஞோரா தூங்குவார், அது நமக்கான நேரம்.

புதன்கிழமை கால்சாவுக்குக் கிளம்பினேன். நடந்தே போகலாம் என்று மகள் சொன்னாள். வெயிலைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். புகையிலைக் கடையில் டிக்கெட் வாங்கிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இரண்டாவது நிறுத்தத்தில் ஏறிய பரிசோதகர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நம்மூரில் கண்டக்டர் நம்மைத் தேடி வருவார். அங்கே டிக்கெட்டை நாம்தான் ஒரு மஞ்சள் பெட்டியிடம் கொண்டுபோய்க் கடிக்கக் கொடுக்க வேண்டுமாம். நான் திருதிருவென முழித்தேன். பக்கத்து இருக்கையிலிருந்த அம்மாள் தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு எனக்காகச் சண்டைக்குப் போனாள். பின்னாலிருந்த ஒருவர் பரிசோதகர் பக்கம் சேர்ந்துகொண்டார். வண்டி முழுக்க வழக்கு நடந்தது, குற்றவாளிக்கு மட்டும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைசியில் பரிசோதகரே டிக்கெட்டைக் கடிக்க வைத்து என் கையில் கொடுத்தார். அந்த அமளியில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். வியா மக்வேதா என்ற தெரு வழியாகத் திரும்பி நடந்தபோது, முன்பே நடந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பவளராணிக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடி. கீழே கதவில் புது வெண்கலப் பிடி, எதிர்வீட்டுச் சுவரில் பாதி இடிந்த பலகணி. என்னைச் சமையலறையில் உட்கார வைத்துக் கேட்காமலே தேநீர் போட்டார். பால்மா போட்ட, கரண்டி நிற்கும் சாயம்.

"தம்பி உங்களுக்கும் அந்தப் பார்லியைப் பருக்கியிருப்பான். இதைக் குடியுங்கோ. அந்தப் புத்தகத்துக்குச் சொல்லாதேங்கோ," என்றார்.

முதல் இரண்டு அத்தியாயங்களை வாசித்தேன். எலியாப் தோர்ன் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வண்டிச் சக்கரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். புது மதத்தில் சேர்ந்ததும் அண்டை வீட்டார் சேர்ந்து பட்டறையைக் கொளுத்திவிட்டார்கள். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பிய கூட்டத்தோடு அவரும் மனைவியும் போனார்கள். ஆயிரம் மைலுக்கு மேல் நடை. வழியில் அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் செத்தது. அதைப் புதைத்து, ஓநாய் தோண்டாமலிருக்கக் குழிமேல் வண்டிகளை ஓட்டிப் போனார்கள்.

பவளராணி கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். எழுந்துபோய் குழாயைத் திறந்து இரண்டு தம்ளரைக் கழுவினார். அவை ஏற்கெனவே கழுவியவைதான். "ம், வாசியுங்கோ," என்று திரும்பி வந்தார்.

வியாழக்கிழமை மூன்றாம் அத்தியாயம். மலையடிவாரத்து உப்பு ஏரிக்கரையில் குடியேறி, மரம் அறுத்து வீடு கட்டி, கூரை போட்டு முடிக்கிறார் தோர்ன். அந்த வாரம் சபைக் கூட்டத்துக்குப் போகிறார். முன்கூட்டி ஒரு வார்த்தை கிடையாது. மேடையில் நின்று பெயர்களை வாசிக்கிறார்கள். எலியாப் தோர்ன், இந்தியா. அதுதான் அந்தக் காலத்து முறையாம். பெயர் வாசிக்கப்பட்டால் போக வேண்டியதுதான். எத்தனை வருடம் என்றும் கிடையாது, கையில் காசும் கிடையாது. தோர்ன் எழுந்து நின்று சம்மதம் சொன்னார்.

"அந்த மனிசி என்ன சொன்னவ?" என்று கேட்டார் பவளராணி.

புத்தகத்தைப் புரட்டினேன். 'அவருடைய அன்பு மனைவி இரண்டு குழந்தைகளுடன் பண்ணையைக் கவனித்துக்கொண்டார்' என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான்.

"பெயர்கூட இல்லையோ?"

அதுவரை நான் கவனிக்கவே இல்லை. தேடினேன். கடைசிப் பக்கத்துப் புகைப்படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. மார்த்தா.

"மார்த்தா," என்று பவளராணி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "ஆம்பிளையள் கூட்டத்துக்குப் போட்டு வந்து, நாளைக்குப் போறன் எண்டு சொல்லுவினம். எல்லா இடத்திலயும் உதுதான் போலக் கிடக்கு."

திரும்பும்போது பசித்தது. தள்ளுவண்டியில் கடலைமாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். பஜ்ஜியை பன்னுக்குள் வைத்துச் சாப்பிடலாம் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே மூன்று சாப்பிட்டேன். இன்னொரு ரொட்டியில் மாட்டின் மண்ணீரலை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததோடு சரி.

அன்று சாயங்காலம் ஐந்தாம் அத்தியாயத்தை மொழிபெயர்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோர்ன் மெட்ராசிலிருந்து கப்பலேறுகிறார். புயலில் கப்பல் சிக்குகிறது. அத்தனை பேரும் மூழ்கிவிட்டார்கள் என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. சபையில் அவருக்காகத் துக்கக் கூட்டம் நடத்துகிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், தாடியும் கிழிந்த செருப்புமாகத் தோர்ன் தன் வீட்டு வேலியைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். இதைத்தான் நான் பவளராணிக்கு வாசிக்க வேண்டும்.

சிவநேசனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை காலை அதே காபிக் கடையில் நான் அத்தியாயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் பார்லியைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

"ஐந்தாம் அத்தியாயத்தை விட்டிடுங்கோ ஐயா."

"அது எப்படி விட முடியும்? புத்தகத்தில இருக்கு."

"இப்ப வேண்டாம். புதன் பஸ் போன பிறகு சேருங்கோ. அண்ணி பத்து வருசமாத் தூங்கேல்லை. இப்பதான் ஓம் எண்டவ. இதைக் கேட்டால் திரும்பவும் வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பா. சாகுமட்டும் இருப்பா. உங்களுக்குப் பாவமா இல்லையோ?"

மருந்துக் காகிதத்தில் ஒரு வரியை விட்டால் யாராவது சாகலாம் என்று பயந்து பயந்து வேலை பார்த்தவன் நான். இங்கே ஒரு அத்தியாயத்தையே விடச் சொல்கிறார்கள், அதுவும் இரக்கத்தால். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. நான் சரி என்றேன். ஐந்தாம் அத்தியாயத்தின் தாள்களை மட்டும் தனியாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அன்று மதியம் மெட்ராஸ் அத்தியாயம். அதில் நாங்கள் இருவரும் சிரித்தோம். தோர்னுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுப்போக்கு. கோட்டை சிப்பாய்கள் அவர் பேச்சைக் கேட்க வந்து ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். துரைமார் வீட்டுப் பக்கம் சேர்க்கவில்லை. ஒரு சமையல்காரர் மட்டும் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அவர் சேரப் போகிறார் என்று தோர்ன் மகிழ்ந்து எழுதுகிறார். கடைசியில் பார்த்தால் அந்த ஆளுக்கு வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. ஒன்றேகால் வருடத்தில் ஆறு பேருக்கு ஞானஸ்நானம், அதில் நாலு பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

"பாவம், அந்த மனிசன் மனிசி பிள்ளையளை விட்டிட்டு வந்து ரெண்டு பேரைத்தான் பிடிச்சவர்," என்று சிரித்தார் பவளராணி. அந்தச் சிரிப்போடேயே தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டகை. பெரிய பெரிய புகைப்படங்களைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் அவருடைய மாமியார்.

"காணாமல் போன எங்கடை பிள்ளையள் எங்கை எண்டு கேட்டு, ரெண்டு வருசத்துக்கு மேலை இப்பிடி இருக்கினம். அரசாங்கம் மரணச் சான்றிதழ் தாறன் எண்டது. மாமி வாங்கேல்லை. வாங்கினால் அதோடை தேடுறது முடிஞ்சுதாம். தம்பி இஞ்சை செய்யப் போறதை மாமிக்குச் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ஐயா, நான் அவரைக் கடைசியாக் கண்டது ஒரு பஸ்ஸிலை. வட்டுவாகல் பாலம் தாண்டின பிறகு ஆமிக்காரர் ஆம்பிளையளைப் பிரிச்சு ஏத்தினவங்கள். யன்னலாலை கையைக் காட்டினவர். காலிலை காயமும் இல்லை. பஸ்ஸிலை ஏறின மனிசனைச் செத்தார் எண்டு எப்பிடி எழுதுறது?" தொலைபேசியை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். "ஆனா பத்து வருசம். களைச்சுப் போனன். ஞாயிறு ஞாயிறு இந்த ஊரைக் காக்கிற ரொசாலியா அம்மாவின்ரை மலைக்கு ஏறி மெழுகுதிரி கொளுத்துறன், முழங்கால் தேஞ்சு போச்சு. தம்பி அழுகிறான். ஒரு கையெழுத்துத்தானே எண்டு வந்திட்டுது."

எனக்கு மண்டை காய்ந்தது. அத்தியாயத்தைச் சொன்னால் ஒரு பாவம், சொல்லாவிட்டால் ஒரு பாவம். சாயங்காலம் மகளிடம் கேட்டேன். "நீங்க மொழிபெயர்க்கப் போனீங்களா, தீர்ப்பு சொல்லப் போனீங்களா?" என்றாள். அது பதில் மாதிரி இருந்தது, ஆனால் எந்தப் பக்கத்துப் பதில் என்று கடைசிவரை புரியவில்லை.

சனிக்கிழமை பவளராணி இடியப்பமும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். அந்த ஊர்க் கத்தரிக்காய் ஒன்றே நம் தேங்காய் அளவு. சாப்பிட்ட கையோடு வாசிக்க ஆரம்பித்தேன். நாலாம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியிலிருந்து நேராக ஆறுக்குத் தாவினேன். தோர்ன் மெட்ராசில் கப்பலேறினார். தோர்ன் மறுபடி சக்கரப் பட்டறை வைத்தார். குரல் தடுமாறவில்லை என்றுதான் நினைத்தேன்.

"பொறுங்கோ. எப்ப வீட்டை வந்தவர்?"

"கப்பல்ல... வந்துட்டார்."

"கப்பல் மலையடிவாரத்துக்குப் போகுமோ? போகேக்கை மூண்டு பக்கம் எழுதியிருந்துது, குதிரை, நடை, கப்பல் எண்டு. வரேக்கை ஒரு வரியும் இல்லையோ? மார்த்தா கதவு திறந்தவவோ? என்ன கேட்டவ?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"ஐயா," என்றார் பவளராணி மெதுவாக, "இடையிலை என்னத்தை விட்டனியள்?"

அந்த முகத்துக்கு நேரே பொய் சொல்ல எனக்கு வரவில்லை. பைக்குள்ளிருந்து ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்தேன். புயல், பத்திரிகைச் செய்தி, துக்கக் கூட்டம், வேலி. முழுவதையும் வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவர் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வியே அல்ல.

"துக்கக் கூட்டத்துக்கு அந்த மனிசி போனவவோ?"

"எழுதலை."

"வேறை கலியாணம் கட்டினவவோ?"

"அதுவும் எழுதலை. 'அவரை மகிழ்ச்சியுடன் வரவேற்றார்' அப்படின்னு மட்டும் இருக்கு."

"உதை எழுதினவ பொம்பிளை எண்டனியள்," என்று சொல்லிவிட்டு பவளராணி தட்டுகளை எடுத்து அடுக்கினார். உள்ளே சிஞ்ஞோரா விழித்துக்கொண்டு கூப்பிட்டார். பவளராணி எழுந்து போய்விட்டார். நான் படியிறங்கினேன். இந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்தேனா, நாசம் செய்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். ஒரு பெரிய கட்டடத்தின் தரைத்தளத்தில் வாடகைக் கூடம். சிலுவை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, சுத்தமான வங்கிக் கிளை மாதிரி இருந்தது. வாசலிலேயே சிவநேசன் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, முழுக்கக் கேட்டனெண்டு அண்ணி சொன்னவ. விட்டிடுங்கோ எண்டுதானே சொன்னனான்."

"விட்டேன். அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் ஒரு மேசைக்கு முன் கூடினோம். குடும்பப் பெயர்களைப் பதிவுசெய்பவர் காலோஜெரோ. எழுபது வயதுக்காரர். இளவயதில் ஆஸ்திரேலியாவில் கரும்பு வெட்டியவர் என்பதால் அவருக்கு ஆங்கிலம் வரும். பவளராணிக்கு வீட்டு வேலை அளவுக்குத்தான் இத்தாலிய மொழி வரும், சிவநேசனோ கட்சிக்காரர், அதனால் காலோஜெரோவுக்கும் பவளராணிக்கும் நடுவே மொழிபெயர்க்க நான். மேசையில் ஒரு படிவம், சிவநேசனின் அண்ணன் பெயர் எழுதுவதற்காக. காலோஜெரோ பேனாவை எடுத்துக்கொண்டு மென்மையாகக் கேட்டார், "கணவரின் முழுப்பெயர் என்ன?"

"எழுத வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றார் பவளராணி.

நான் சொல்வதற்குள் சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணி, நான் அண்ணைக்கு ஒண்டும் செய்யேல்லை. அங்கை அவ்வளவு நடக்கேக்கை நான் இஞ்சை தரை கூட்டிக்கொண்டு இருந்தனான். இதையாவது செய்ய விடுங்கோ," என்று குழந்தை மாதிரி அழுதார். காலோஜெரோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பவளராணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, உமக்கு முழுகவேணும். முழுகும். மாமாவுக்கு முழுகும்."

சிவநேசன் நிமிர்ந்தார்.

"பத்து வருசமா அண்ணையைப் பற்றித்தான் கேட்டனீர். அப்பாவைப் பற்றி ஒருநாளும் கேக்கேல்லை. இரணைப்பாலையிலை செல் விழுந்து செத்தவர். விடியப்புறம், பங்கர் வாசலிலை, எனக்குப் பக்கத்திலை. உம்மடை அண்ணையும் நானும்தான் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள். அவர் கட்டியிருந்த நீலச் சாரத்தாலை சுத்தினனான். அந்த இடம் எனக்குத் தெரியும், நாளும் தெரியும். அந்தச் சாவுக்கு நான் சாட்சி. மற்றதுக்கு இல்லை."

நான் மொழிபெயர்த்தேன். பாதியில் நின்று, அந்த வரியை மறுபடி தொடங்கினேன். மிக்ஸி கையேட்டில் இப்படியெல்லாம் வராது. காலோஜெரோ பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, அப்பாவுக்கு என்றால் சம்மதம் சொல்ல வேண்டியது அவருடைய மனைவி, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்.

கிளிநொச்சிக் கொட்டகைக்குத் தொலைபேசி போட்டார்கள். அங்கே பிற்பகல். திரையில் மாமியாரின் நெற்றியும் கொட்டகைத் தகரமும் மட்டும் தெரிந்தன. சிவநேசன் தட்டித் தடுமாறி விஷயத்தைச் சொன்னார், பாதி அழுகையில்.

"கொப்பருக்கோ?" என்றது தாயின் குரல். "அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கையே பச்சைத் தண்ணியிலை குளிக்கமாட்டார். அங்கை சுடுதண்ணியோ?"

நான் காலோஜெரோவிடம் கேட்டேன். இளஞ்சூடாக இருக்கும் என்றார். சொன்னோம்.

"அப்பச் செய். நீ அவருக்குக் கொள்ளி வைக்கேல்லை, இதையாவது செய்." பிறகு குரல் மாறியது. "பெரியவன்ரை பெயரை எங்கையும் எழுதினியளோ?"

பவளராணி தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "இல்லை மாமி. எழுதேல்லை."

"ஆ. சரி, ஆரோ பத்திரிகைக்காரர் வருகினம். வைக்கிறன்."

காலோஜெரோ புதுப் படிவம் எடுத்தார். தகப்பன் பெயர், ஊர், இறந்த இடம், நாள். பவளராணி ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சிவநேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் அப்பா எந்த நாளில் இறந்தார் என்பதை முதல் தடவையாகத் தன் கையால் எழுதினார். எழுதி முடித்ததும் காலோஜெரோ, மேசையில் மிச்சமிருந்த அந்தப் பழைய படிவத்தைத் தொட்டுக் காட்டி, இதை என்ன செய்யட்டும், அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கட்டுமா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். பவளராணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அவர் வந்தாப் பிறகு அவரிட்டையே கேக்கச் சொல்லுங்கோ."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். காலோஜெரோ என்னைப் பார்த்தார், பிறகு பவளராணியைப் பார்த்தார். "சரி," என்றார். "வந்ததும் இங்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்."

"ஓம்," என்றார் பவளராணி. "கூட்டிக்கொண்டு வாறன்."